நாலு விரக்கடை

வாங்க தம்பி, வாங்க. ஐஸ் பெட்டி பாக்கத்தான வந்திருக்கீய? நேத்து போன்ல பேசுனது நான்தான், தஸ்நேவிஸ். வெயில்ல நிக்காதீய. இந்தா, அந்தக் கட்டி மேல உக்காருங்க, சாக்கு விரிச்சிருக்கு. நாற்காலியெல்லாம் உள்ள கெடக்கு. எங்க வீட்டுக்காரி சலேத் உள்ள படுத்திருக்கா. போய் எடுத்தா சத்தம் போடுவான்னு நெனைக்காதீய. சத்தம் போட்டாத் தேவலயே. ஏழு மாசமா ஒரு வார்த்தை கெடையாது. அது கெடக்கட்டும்.

பெட்டி அந்தா இருக்கு. தொறந்து பாருங்க, தட்டிப் பாருங்க. ஐநூறு லிட்டர். உள்ள அஞ்சடி நீளம். மூடிக்கு ரப்பர் வச்சது, ஒரு பொட்டுக் காத்து போவாது. இந்தப் பக்கம் கைப்பிடிக் கயிறு இல்லையேன்னுதான பாக்கீய? கண்ணு நல்லா வேல செய்யுது உங்களுக்கு. அது நான் அறுத்தது. பெருசா ஒண்ணுமில்ல, வரும்போது சொல்லுதேன்.

வெலையப் பத்திப் பிறவு பேசுவோம். மொதல்ல ஒண்ணு சொல்லிருதேன். பஸ்ஸ விட்டு எறங்கி டீ குடிச்சீயளா? குடிச்சிருந்தா எவனாவது சொல்லியிருப்பான். இல்லன்னா திரும்பிப் போகும்போது சொல்லுவான். தஸ்நேவிஸ் வீட்டுப் பெட்டியா, அது பெத்த மவனக் கொன்ன பெட்டில்லாம்பான். அதனால நானே சொல்லிருதேன். என் மவன் ரெமி, இருபத்தாறு வயசு, போன ஆனி மாசம் கடல்ல போயிட்டான். பெட்டி கொல்லல தம்பி. பெட்டி ஒரு ஆளக் காப்பாத்திக் கரைக்குக் கொண்டாந்த பெட்டி. இத இந்த ஊருக்காரனுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு. நீங்க வெளியூரு, நீங்களாவது நியாயமாக் கேளுங்க.

உங்க வள்ளம் எத்தனை அடி? இருபத்தெட்டா? நம்மதும் இருபத்தெட்டுதான். பைபர் வள்ளம். எத்தனை பேரு போறீய? நீங்களும் உங்க தம்பியுமா? நல்லது. பெட்டி எடுக்கது பொண்ணு எடுக்க மாதிரி, அவசரப்படக் கூடாது. கடக்காரன் லிட்டர் லிட்டர்ம்பான். கடல்ல எவன் லிட்டரப் பாத்தான்? எத்தனை நாள் தங்கப் போறோம், என்ன மீனு படும், அதத்தான் பாக்கணும். ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு ஐஸ். சின்னப் பெட்டின்னா மீனு கெடும். பெரிய பெட்டிய நெறைக்காம வச்சிருந்தா ஐஸ் கெடும், உள்ள வெறும் காத்து நிக்கும்லா, அது ஐஸத் தின்னுரும். இதெல்லாம் எனக்குத் தெரியாமலா நான் வாங்குனேன்?

மொதல்ல நம்மகிட்ட இருந்தது நூத்தம்பது லிட்டர் பெட்டி. மூணு பேரு போவாவ. என் மவன் ரெமி, மருமவன் கிளாட்வின், கூலிக்கு தொம்மைன்னு ஒருத்தன். எனக்கு இடுப்பு போயி ரெண்டு வருசமாச்சு, நான் கரையோட சரி. மத்தியானம் போனா மறுநாள் காலையில வந்திருவாவ. சின்னப் பெட்டிதான், ஆனா அதுக்கு ஏத்த மீன்பாடு, அதுக்கு ஏத்த சாப்பாடு. ஒரு கொறையும் சொல்லக்கூடாது.

அப்பதான் அந்தச் சீலா பட்டது. நீங்க வஞ்சிரம்னு சொல்லுவீய, நாங்க சீலாம்போம். ஒத்த மீனு, இருபத்திரெண்டு கிலோ. நாலே முக்கால் அடி நீளம். நானே அளந்தேன். அந்த மீனு பெட்டிக்குள்ள எப்படிப் போவும்? பயலுவ அத வளைச்சு வச்சு, வால வெளிய விட்டு, மேல சாக்கப் போட்டுக் கொண்டாந்தானுவ. வெயிலு. கரைக்கு வரும்போது வால்பக்கம் கொளகொளன்னு இருந்துச்சு. ஏலக்காரன் ரெண்டு வெரலால அமுக்கிப் பாத்தான். அமுக்கிப் பாத்துட்டு, என்ன அண்ணாச்சி, சீலாவுக்குத் தொட்டில் கட்டிக் கொண்டாந்தீயளோன்னு கேட்டான். அம்புட்டுப் பேரும் சிரிச்சான். சிரிச்சதுல எங்க சின்னையா மவன் பெப்பினும் ஒருத்தன். அவன் வச்சிருக்கது முன்னூறு லிட்டர் பெட்டி. அன்னைக்கு அவன் பெட்டியில இருந்து சீலா ஒவ்வொண்ணா எடுத்துப் போடுதான், கம்பு மாதிரி நேரா விழுது.

எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல தம்பி. நான் ஒரு நைலான் கயித்த எடுத்தேன். அந்த மீனத் தரையில நேராப் போட்டு, தலையில இருந்து வால் வரைக்கும் கயித்தப் புடிச்சு, ஒரு முடிச்சுப் போட்டேன். எங்க கரையில பெட்டி எடுக்கப் போறவன் அப்படித்தான் போவான், தான் புடிச்ச பெரிய மீனோட அளவ எடுத்துக்கிட்டு. கயித்தக் கொண்டுபோயி கடையில பெட்டிக்குள்ள விட்டுப் பாத்தேன். முன்னூறுல பத்தல. நானூறுல இடிச்சுது. ஐநூறுல சும்மா ராசா மாதிரிப் படுத்துது கயிறு. இதான் பெட்டின்னேன்.

கடக்காரன் கேட்டான், அண்ணாச்சி, வள்ளத்த அளந்தீயளான்னு. நான் பொறந்ததுல இருந்து வள்ளத்துல நிக்கேன், என்கிட்ட அளந்தீயளான்னு கேக்கான் பாருங்க.

கொண்டாந்து கரையில எறக்குனோம். சாமியார் வந்து தண்ணி தெளிச்சாரு. சலேத் கையால மொத ஐஸ் போட்டா. எங்கள்ல அது ஒரு மொறை, பெட்டிக்கு மொத ஐஸ் வீட்டுப் பொம்பள கையால விழணும். ஐஸ் விழுந்த பெட்டியத் திருப்பிக் குடுக்கப்படாது. பெப்பின் அங்கனதான் நிக்கான், கையக் கட்டிக்கிட்டு. நான் அவனப் பாக்காத மாதிரியே பாத்தேன். அம்புட்டும் முடிஞ்சு, ஆறு பேரு தூக்கி வள்ளத்துல வைக்கோம், பெட்டி எறங்கல.

நடு அறையில நாலு விரக்கடை இடிக்கிது. நாலே வெரல் அகலம். வள்ளத்து நடு அறை அஞ்சேகால் அடி. பெட்டி உள்ளுக்குள்ள அஞ்சடி, ஆனா அதுக்குச் சுவர் இருக்குல்லா, இந்தப் பக்கம் மூணு இஞ்சு, அந்தப் பக்கம் மூணு இஞ்சு. நான் பெட்டியோட வயித்த அளந்தேன், தோல அளக்கல. இது யாருக்கும் வரும் தம்பி. உங்களுக்கும் வரும்.

பெப்பின்தான் மொதல்ல வாயத் தொறந்தான். அண்ணே, வள்ளத்தப் பெட்டிக்குள்ள வச்சிருங்கன்னான்.

ரெமி சொன்னான், அப்பா, கடக்காரர்ட்ட நான் பேசுதேன், முன்னூறு மாத்திக்கிடுவோம்னு. ஏல, உங்கம்மா ஐஸ் போட்ட பெட்டிலன்னேன். அவன் அம்மையப் பாத்தான். அவளும், மாத்திருங்களேன், நான் ரெண்டாவது தடவ போட்டா ஐஸ் உருகிருமான்னு கேட்டா. நாலு பேரு முன்னால கேட்டா. அப்புறம் நான் எப்படி மாத்துவேன்?

நடு அறைக்குப் பின்னால ஒரு தடுப்பு இருக்கும், உங்க வள்ளத்துலயும் இருக்கும். தடுப்புக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு? தெர்மாகோல். கட்டி கட்டியா அடைச்சு மேல பூசி விட்டிருப்பான். வெறும் எடம் தம்பி. வாங்குன நாள்ல இருந்து ஒரு மீனு வைக்க ஒதவாத எடம். கட்டிங் மிஷின் வாடகைக்கு எடுத்தாந்து தடுப்ப வெட்டுனேன். ரெமி மிஷின் வயரப் புடுங்கிட்டான். அப்பா, இது வள்ளம் கவுந்தா மிதக்குறதுக்கு வச்சதுப்பாங்கான். கவுந்தாத்தானலன்னேன். எங்க அப்பா காலத்துல கட்டுமரத்துல போனோம், தெர்மாகோல் வச்சா போனோம்? மரம் தன்னால மிதக்கும்பா, பைபர் கல்லு மாதிரிப் போயிரும்னான். படிச்ச பய, பத்து வரைக்கும். வயர நானே திரும்பச் சொருகுனேன்.

நாலு விரக்கடைக்குத்தான் வெட்டுனேன். வெட்டுன பிறவு மீதிக் கட்டி எதுக்கு? எடுத்துட்டா ரெண்டு சாக்கு ஐஸ் கூட வைக்கலாம்லா. எடுத்தேன். அப்புறம் பாத்தா பின்பக்கம் கனத்துப் போச்சு, தண்ணியில தாழ்ந்து நிக்கு. வள்ளம்னா சமமா நிக்கணும். அதனால முன்னால அணியத்துல இருந்த தெர்மாகோலையும் எடுத்துட்டு, நங்கூரம், வலையெல்லாம் அங்கன போட்டேன். சமமா வந்துட்டு. இன்னும் கொஞ்சம் கனம் இருந்துச்சு, தொம்மைய நிறுத்திட்டேன். ரெண்டு பேரு போதும்னுட்டேன். அவன் அன்னைக்கு என்னைய வைதான். இன்னைக்கு உசுரோட இருக்கான்னா அது இந்தப் பெட்டியாலதான. ஒருத்தனாவது அத நெனச்சுப் பாக்கானா?

அம்புட்டும் செஞ்ச பிறவும் கைப்பிடிக் கயிறு தடுப்புல உரசுச்சு. கத்திய எடுத்து இந்தப் பக்கம் உள்ளத அறுத்தேன். பெட்டி உள்ள எறங்குச்சு பாருங்க, அச்சுல வார்த்த மாதிரி.

அதுக்குப் பிறவு பயலுவ ரெண்டு நாள் தங்குனானுவ. ஐநூறு லிட்டரு நெறையணும்லா. மொதத் தடவ பாதி கொண்டாந்தானுவ. நான் பெட்டியத் தட்டிப் பாத்தேன், டம்முன்னு கேட்டுச்சு. என்னல, அரப்பெட்டியோட வாரீயன்னேன். அடுத்த தடவையும் அரப்பெட்டி. பெப்பின் அவன் பெட்டிய நெறச்சு வாரான், சின்னப் பெட்டி, நெறையத்தான செய்யும். எனக்குத்தான் கரையில நிக்க முடியல. நெறையாம கரையேறாதீயன்னு சொன்னேன். ஒரு பேச்சுக்குச் சொல்லுறதுதான தம்பி? உங்க அப்பா சொல்லியிருக்க மாட்டாரா?

ஆனி பொறந்து கச்சான் காத்து எறங்கிட்டு. அன்னைக்கு ரெமி போன் பண்ணுனான். காலையில பத்து மணி இருக்கும். அங்கன கொஞ்ச தூரம் வரைக்கும் டவர் எடுக்கும். அப்பா, காத்து கூடிட்டு வருது, பின்னால தண்ணி ஏறி ஏறி அடிக்கிது, பெட்டி பாதிதான் இருக்கு, வந்திரட்டுமான்னான். நான் வராதன்னு சொல்லல. நல்லாக் கேட்டுக்கிடுங்க, நான் வராதன்னு சொல்லவே இல்ல. இன்னும் ஒரு பாடு வலை விட்டுப் பாத்துட்டு வான்னேன். சரிப்பான்னான். அவன் ஒரு வார்த்தை, இல்லப்பா நான் வாரேன்னு சொல்லியிருந்தா நான் என்ன கொன்னா போடப் போறேன்? சொல்லல. மிஷின் வயரப் புடுங்கத் தெரிஞ்சவனுக்கு அதச் சொல்லத் தெரியல.

மீதியெல்லாம் கிளாட்வின் சொன்னது. வலைய இழுக்கும்போது பின்னால ஒரு அலை ஏறிச்சாம். அடுத்தது அதுக்கு மேல ஏறிச்சாம். கவுந்துட்டு. கவுந்தா என்ன, எத்தனை வள்ளம் கவுந்திருக்கு இந்தக் கரையில. அது மேல ஏறி உக்காந்துக்கிட்டு மூணு நாள், நாலு நாள்னு கெடந்து வந்தவன் இருக்கான். பெப்பினே ஒரு தடவ வந்திருக்கான். இவனுவ ஏறி உக்காரதுக்கு வள்ளம் இல்ல. போயிட்டு. ரெமி சொன்ன மாதிரியே போயிட்டு.

பெட்டி மிதந்துச்சு. பாருங்க தம்பி, பெட்டி மிதந்துச்சு! அதத்தான் சொல்ல வாரேன். மூடியக் கயித்தப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தான் ரெமி. அம்புட்டு அலையிலயும் மூடி தொறக்கல. ரெண்டு பேரும் பெட்டியப் புடிச்சிட்டானுவ. ஆனா இது பைபர்லா, பாசி மாதிரி வழுக்கும். புடிக்கதுக்குக் கைப்பிடிக் கயிறு மட்டுந்தான். அது ஒண்ணுதான் இருந்துச்சு. ஒருத்தன் கயித்தப் புடிப்பான், இன்னொருத்தன் அவன் தோளப் புடிப்பான். கை மரத்துப் போச்சுன்னா மாத்திக்கிடுவானுவ. அன்னைக்குப் பூரா அப்படி. மறுநாள் வெயிலு ஏறும்போது கிளாட்வினுக்குக் கண்ணு சொருகிட்டாம். ரெமி, மச்சான், உங்க மொறைதான், கயித்தப் புடிங்கன்னு அவன் கையக் கயித்துக்குள்ள விட்டு ரெண்டு சுத்துச் சுத்தி விட்டிருக்கான். கிளாட்வின் மொறை இல்ல அது. ரெமி மொறை. கிளாட்வினே சொன்னான். அப்புறம் ரெமி அந்தப் பக்கம் போயி, மறு கயிறு இருந்த எடத்துல கைய வச்சுத் தடவித் தடவிப் பாத்தானாம். தடவிக்கிட்டே இருந்தானாம். கொஞ்ச நேரத்துல அந்தப் பக்கம் சத்தம் இல்ல.

இருங்க. தண்ணி குடிச்சிக்கிடுதேன்.

அன்னைக்குச் சாயங்காலம் வேற கரை வள்ளம் ஒண்ணு பாத்து, கிளாட்வினத் தூக்கிட்டு வந்தாவ. கயித்த அறுத்துத்தான் கைய எடுக்க முடிஞ்சுது. இப்ப நீங்க பாக்கது புதுக் கயிறு, நான் மாட்டுனது. நல்ல கயிறு. ரெமியத் தேடி எட்டு நாள் வள்ளம் போச்சு. பெப்பினும் போனான், தூங்காம போனான், அதச் சொல்லணும். கடலு குடுக்கல. அவன் சட்டையொண்ண வச்சுத்தான் கல்லறையில குழி மூடுனோம்.

பெட்டிய இங்கன கொண்டாந்து எறக்குனாவ. மூடியத் தொறந்தேன். தம்பி, உள்ள ஐஸ் இருந்துச்சு! அந்த வெயில்ல, அந்தத் தண்ணியில கெடந்தும் பாளம் பாளமா ஐஸ். சீலாவெல்லாம் நேராப் படுத்திருக்கு, ஒண்ணு கூட வளையல, கண்ணு பளபளங்கு. வேற எந்தப் பெட்டியில இப்படி இருக்கும்? பாதிதான் இருந்துச்சு. நெறையல. நான் அதப் பார்த்துட்டு, அரப்பெட்டிதானன்னு சொன்னேனாம். சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல. சொன்னேன்னு என் மவ மெர்லின் சொல்லுதா. கிளாட்வின் பொண்டாட்டி, ரெமிக்கு மூத்தவ.

மீன ஏலத்துக்குக் கொண்டுபோனேன். பயலுவ உசுரக் குடுத்துப் புடிச்ச மீனு, மண்ணுலயா போட முடியும்? ஏலக்காரன் தலைத்துண்ட எடுத்துட்டு நின்னான். ஒருத்தனும் கேக்கல. சிரிக்கவும் இல்ல. சிரிச்சிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும். சலேத் வந்து சாக்குல அள்ளிக்கிட்டுப் போயி, குழி தோண்டி அவளாவே பொதைச்சா. அன்னைக்கு மூடுன வாய்தான்.

கிளாட்வினும் மெர்லினும் திருப்பூருக்குப் போயிட்டாவ. பனியன் கம்பெனியில வேலயாம். அவன் வலது கை வெரலு மடங்காது இப்ப. போகும்போது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பெட்டியத்தான் பாத்துக்கிட்டு நின்னான். அந்தப் பெட்டி இல்லன்னா அவன் ஏது? நன்றின்னு ஒண்ணு வேண்டாமா மனுசனுக்கு?

சரி, பழைய கதை. பெட்டிக்கு வருவோம். டேப்பு கொண்டாந்திருக்கீயளா? வெளிய அளக்கீயளா, அளங்க, அளங்க. நீங்க வெவரமான ஆளு. அஞ்சரை அடி காட்டுதா? சரி, வந்து உக்காருங்க. உங்க வள்ளத்துல நடு அறை எம்புட்டு? அஞ்சேகாலா?

அப்ப நாலு விரக்கடைதான் இடிக்கும். நாலு விரக்கடைதான தம்பி, அதுக்கென்ன, பின்னால தடுப்பு இருக்குல்லா, அத ஒரு…

ஏன் எந்திரிச்சிட்டீய?

எதப் பாக்கீய? சாக்கு வெலகிட்டா? ஆமா, தெர்மாகோல்தான். வள்ளத்துல இருந்து எடுத்தது. எல்லாத்தையும் சேத்து எட்டுக் கட்டி இருந்துச்சு, ஏழ சலேத் உள்ள கொண்டுபோயி ரெமி கட்டிலுக்கு அடியில அடுக்கி வச்சிருக்கா. இது ஒண்ணத்தான் நான் வெளிய போட்டு வச்சிருக்கேன், வாரவங்க உக்காரதுக்கு. கனமே இல்ல, ஒரு கையால தூக்கிரலாம். ஒண்ணும் கெடல பாருங்க, வச்ச மாதிரியே இருக்கு. இது ஒண்ணு இருந்தாப் போதும்னு கரைக்கு வந்த அன்னைக்கே கிளாட்வின் சொன்னான். எட்டு வேண்டாம் மாமா, ஒரு கட்டி போதும்னான்.

போகாதீய தம்பி. பெட்டி வேண்டாம்னா வேண்டாம், வெலையும் பேச வேண்டாம். உக்காருங்க. அது மேல யாராவது உக்காந்திருந்தா எனக்கு அது வெறும் உக்காருற கட்டி. நீங்க எந்திரிச்சிட்டா அது என்னன்னு எனக்குத் தெரிஞ்சு போவுது. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்க, தம்பி. சாக்க நான் சரியா விரிச்சுத் தாரேன்.